தாத்தாவுக்குள் ஒரு பேட்டரி

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை காலை காணாமல் போனது அப்பாவின் இடது கால் செருப்பு. வலது கால் செருப்பு வாசலில் வைத்தது வைத்தபடி இருந்தது.

போன வாரம் சைக்கிள் சாவி. அதற்கும் முன்னால் பழைய செருப்பு ஒரு ஜோடி. கள்ளிக்குப்பத்தில் திருடர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஒற்றைச் செருப்பைத் திருடி என்ன செய்வான் ஒருவன்? அதனால் இது வீட்டு ஆள் வேலைதான் என்று அப்பா முடிவு கட்டினார். வீட்டு ஆள் என்றால் சரசா அண்ணிதான் என்ற அடுத்த முடிவுக்கு வர அவருக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அப்பா ஏகாம்பரம் பாடியில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் லேத் ஓட்டியவர். ஒரு மாதத்துக்கு முன் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தார். இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று சொல்லி, இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். போனை அந்தப் பக்கத்துப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடங்கள். சர்க்கரை இருப்பதால் செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்பது பழைய உத்தரவு.

பத்து நாளாக அவர் நடக்கவில்லை. பழைய ஜோடி போன பிறகு செருப்பு இருந்தால்தானே; புது ஜோடி நேற்று ராத்திரிதான் வாங்கி வந்தோம். கணுக்கால் இரண்டும் பன் மாதிரி வீங்கிக் கிடந்தன.

அம்மா இல்லாத வீடு இது. அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று, தொழிற்சாலைகள் இருக்கிற எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற அண்ணிதான் ஒரு மாதமாகச் சம்பளமில்லாத லீவில் இருக்கிறாள். அண்ணன் பாண்டியனுக்கு லீவு எடுக்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அப்பா ஈரத்தில் வழுக்கி மறுபடி விழப் பார்த்தபோது, அண்ணி பயத்தில் கத்தினாள்: "கொஞ்சம் ஒரு எடத்துல குந்துங்க மாமா." அந்த ஒரு வாக்கியத்தை அப்பா பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இன்றைக்கு வெளியே எடுத்தார்.

"நான் நடமாடறது இங்க யாருக்கோ புடிக்கல. ஒரே எடத்துல குந்திகினே போய்ச் சேர்ந்துடணும், அதான் கணக்கு."

அண்ணி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் இட்லிக் கரண்டி. "யாருக்கு மாமா புடிக்கல? பேரச் சொல்லுங்க."

அப்பா பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் திட்டுவதில் எங்கள் குடும்பம் பரம்பரையாகத் தேர்ந்தது. அவர் என்னைப் பார்த்துப் பேசினார், அண்ணிக்குக் கேட்கிற மாதிரி.

"செருப்ப உடு பவி. புள்ள எங்கிட்ட பேசறதில்ல. பத்து நாளாச்சி. நிஷா கண்ணுன்னு கூப்புட்டா எந்திரிச்சி ஓடுது. ஒம்பது வயசுப் புள்ளைக்கு அது தானா வருமா? யாரோ சொல்லிக் குடுத்துகீறாங்க."

அவர் குரல் உடைந்தது. செருப்புக்காக உடையவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் மகள் நிஷா தட்டிலிருந்த இட்லியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நிமிரவே இல்லை. பயந்துபோய் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, முழுக்க விசாரித்து முடித்த ஜட்ஜ் மாதிரி அண்ணியிடம் சொன்னான்: "எதுக்கு சரசா ஒனக்கு இந்த வேல?"

அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணி இட்லிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "சாயந்தரம் நாலு மணிக்கு நான் நிஷாவைக் கூட்டிகினு கெளம்புறேன்."

"கெளம்பு. பாடி இன்னா அமெரிக்காவுலயா கீது? உங்கம்மா ஊட்ல நாலு நாள் இரு. புத்தி வந்ததும் வா."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இந்த வீட்டின் முதல் டிகிரி. இயற்பியல், கூடவே பி.எட். ஃபேன் ஓடாவிட்டாலும் ஃபார்ம் நிரப்ப வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. எட்டு நாற்பதைத் தாண்டிப் போனால் பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் சிவப்புக் கோடு விழும். அந்தக் கோட்டை நினைத்துக்கொண்டு நிஷாவின் பையைத் தூக்கித் தோளில் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் நான்காம் வகுப்பு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமில்லை. நிஷா என் வகுப்பில்தான் படிக்கிறாள். வாசலைத் தாண்டினால் அத்தை கிடையாது, மிஸ்தான் என்று ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை என்றால் தாளாளர் நோட்டு பார்க்கிற நாள். அந்த அம்மா நோட்டைப் படிக்க மாட்டார், டிக் இருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டுவார். டிக் இல்லாத பக்கம் இருந்தால் டீச்சர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நாற்பத்தாறு பிள்ளைகள், ஐந்து பாடம். இதையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படித்துத் திருத்துகிற டீச்சர் யாராவது இருந்தால் அவர் காலில் விழுகிறேன். நாங்கள் எல்லோரும் ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் சிவப்புப் பேனாவுமாக டிக் அடிப்பவர்கள்.

அன்றைக்கு மூன்றாவது பீரியட் அறிவியல். ஆற்றல் பாடம், திருப்புதல்.

"ஆற்றல் என்றால் என்ன?"

"வேலை செய்யும் திறனே ஆற்றல் எனப்படும்." நாற்பத்தாறு குரல், ஒரே ராகம். பக்கத்துத் தெரு வரை கேட்டிருக்கும்.

இரண்டு வாரமாக நான் ஊற்றிய ராகம் அது. உள்ளே ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம் என்று, புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டேன். இந்த வகுப்பறையில் ஆற்றல் எதிலெல்லாம் இருக்கிறது?

கேட்டிருக்கவே கூடாது.

ஃபேனில் இருக்கிறது, ஆனால் கரண்ட் போனால் இல்லை என்றான் விஷால். நாற்காலிக்குக் கிடையாது, அது நகராது என்றான் கிரண். மேலே பரணில் இருக்கிற மண்பானை கீழே விழுந்தால் என்ன ஆகும், அதில் ஆற்றல் இல்லையா என்று கேட்டேன். பானைக்கு இல்லை மிஸ், உடைந்தால் நமக்குத்தான் அடி விழும் என்றான். வாட்ச்மேன் தாத்தா தூங்கும்போது அவருக்கு ஆற்றல் கிடையாது, டீ குடித்ததும் வரும் என்றாள் ஜெபா. கிரணுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்குமாம், திங்கட்கிழமை காலையில் மட்டும் இருக்காதாம். இது ஒன்றுதான் எனக்கும் சரியாகப் பட்டது.

ஆற்றல் காலியாகாது, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறும் என்று சொன்னேன். டார்ச்சில் அது வெளிச்சமாக மாறுகிறது, பிறகு சூடாக மாறுகிறது என்று சொன்னேன். விஷால் எழுந்து நின்றான்.

"காலியாவாதுன்னா எதுக்கு மிஸ் போனுக்கு சார்ஜ் போடறோம்?"

மூன்று வருடம் இயற்பியல் படித்தவள் நான். பதில் எனக்குத் தெரியும். ஒன்பது வயசுக்குப் புரிகிற மாதிரி அதைச் சொல்லத்தான் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றேன். கூட்டத்துக்கு நடுவிலிருந்து நிஷாவின் கை மேலே போனது. பத்து நாளில் அவளாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"மிஸ், சார்ஜ் போட முடியாத பேட்டரின்னா இன்னா பண்றது? ஒடம்புக்குள்ள வெச்சிட்டா?"

வகுப்பு சிரித்தது. நிஷா சிரிக்கவில்லை.

"அதுக்கு நான் எழுதனது சரிதானே மிஸ்? நீங்க டிக் போட்டீங்களே."

எதற்கு டிக் போட்டேன்? அவள் நோட்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்து, பக்கத்தைத் தானே புரட்டிக் காட்டினாள். பாடக் கடைசியில் வருகிற வழக்கமான கேள்வி. 'ஆற்றலைச் சேமிக்க நீ வீட்டில் செய்யும் மூன்று செயல்களை எழுதுக.' எல்லாப் பிள்ளைகளும் விளக்கை அணைப்பேன், ஃபேனை அணைப்பேன், டிவியை அணைப்பேன் என்று எழுதியிருந்தார்கள். நிஷா எழுதியிருந்தது இது:

'1. தாத்தாவின் செருப்பை ஒளித்து வைப்பேன். 2. சைக்கிள் சாவியை அரிசி டிரம்மில் போடுவேன். 3. தாத்தாவிடம் பேச மாட்டேன். பேசினால் தாத்தா சிரிப்பார். சிரித்தால் பேட்டரி குறையும்.'

அதன் மேல் அரைப் பக்கத்துக்கு ஒரு சிவப்பு டிக். கீழே 'நன்று'. அதற்கும் கீழே என் கையெழுத்து. தேதி போன செவ்வாய்க்கிழமை.

பிள்ளைகளைப் பாடத்தைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, நிஷாவை வராண்டாவுக்குக் கூட்டிப்போனேன்.

காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என்னை மக்கைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். சொன்னால் தாத்தாவுக்குப் பேட்டரி தீரப்போவது தெரிந்துவிடும். தெரிந்தால் பயப்படுவார். பயந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும். வேகமாக அடித்தால் இன்னும் சீக்கிரம் தீரும்.

"எட்டு வருஷந்தான் வரும்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு அப்போ பதினேழு வயசுதான் அத்த ஆவும்."

மிஸ் என்று கூப்பிட மறந்துவிட்டாள்.

"நீதான சொன்ன," என்றாள் மறுபடி. "பொம்ம கார கொண்டாந்து காட்டி, ஓட்டிகினே இருந்தா பேட்டரி தீந்துடும், நிறுத்தி வெச்சா ரொம்ப நாள் வரும்னு."

சொன்னேன். நானேதான் சொன்னேன். பொம்மை காரை மேஜை மேல் ஓட்டிக் காட்டி, ரொம்பப் பெருமையாகச் சொன்னேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். லாரி பட்டறை சத்தத்தில் அவன் எடுத்ததே கிடையாது. அண்ணி போன் அணைந்திருந்தது. அப்பாவிடம் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. ஹெச்.எம்.மிடம் போய் அவசரம், அரை நாள் பர்மிஷன் வேண்டும் என்றேன். தாளாளர் மூன்று மணிக்கு வருகிறார், டிக் போட்டு முடித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்றார். ஆக அன்று மதியம் முழுவதும் நான் டிக் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு டிக் போட்டேன், அதனாலேயே இன்னும் தாமதமானது.

மூன்றே முக்காலுக்கு நிஷாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே சொல்லிப் பார்த்தேன். தாத்தா நடப்பது பேட்டரியில் இல்லை, சாப்பிடுகிற இட்லியில். பேட்டரி இதயத்துக்கு 'அடி, அடி' என்று ஞாபகப்படுத்துகிற வேலையை மட்டும்தான் செய்யும். அவர் உட்கார்ந்தே இருந்தாலும் கிட்டத்தட்ட அதே எட்டு வருஷம்தான் வரும். நடக்காவிட்டால்தான் உடம்பு கெடும்.

"இட்லி தீந்துட்டா?"

"மறுபடி சாப்புடுவாரு."

"பேட்டரி தீந்துட்டா?"

"டாக்டர் புதுசு வெச்சிடுவாரு."

"மறுபடி கிழிப்பாங்களா?"

கேட்டுவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிஷாவுக்காக வாசலில் நின்றாள். அண்ணனும் சீக்கிரமே வந்திருந்தான். அவளைத் தடுக்க வந்தவனாகத் தெரியவில்லை, நிஜமாகவே போகிறாளா என்று பார்க்க வந்திருந்தான். அப்பா சுவர் ஓரம் நாற்காலியில்.

நோட்டை அண்ணன் கையில் கொடுத்தேன். எட்டாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அன்றைக்கு சத்தமாகப் படித்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவதைப் படிக்கும்போது அவன் குரல் தணிந்துவிட்டது.

அப்பா நிஷாவைப் பார்த்தார். "அதுக்கா கண்ணு பேசல?" என்றார். பிறகு அவருக்குத் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. நிஷா பதறிப்போய், "சிரிக்காத தாத்தா" என்று அவர் வாயைப் பொத்த ஓடினாள். பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் போய் அவர் மடியில் விழுந்தாள்.

அண்ணனுக்கு ஒரே நிம்மதி. நோட்டை மூடினான். "சரி, மேட்டர் முடிஞ்சிது. சரசா, பைய உள்ள வெச்சிட்டு டீ போடு."

அண்ணி பையை இறக்கவில்லை.

"இன்னா முடிஞ்சிது?"

"அதான் நீ எடுக்கலன்னு தெரிஞ்சிபோச்சே."

"எனக்கு அது பத்து நாளு முன்னாடியே தெரியும்," என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "பத்து நாள்ல, நீ எடுத்தியான்னு ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டீங்களா? எடுத்தேன்னு சொன்னீங்க. இப்ப எடுக்கலன்னு சொல்றீங்க. ரெண்டுத்தையும் நீங்களே சொல்லிக்கிறீங்க. நடுவுல நான் எதுக்கு?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றார். இந்த வீட்டில் ஓர் ஆம்பளை இவ்வளவு தூரம் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. அண்ணி குனிந்து நிஷாவின் தலையைத் தடவினாள்.

"நீ இங்கயே இரு. பத்து நாளா பேசாதத எல்லாம் தாத்தாகிட்ட பேசு."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அண்ணன் வாசல் வரை வந்து, கோபமா குழப்பமா என்று அவனுக்கே தெரியாத முகத்தோடு நின்றான். தெருவில் எதிர்வீட்டு ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதால் அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. நான் வைத்தேன். பள்ளிக்கூடப் புடவையோடு, பர்ஸ்கூட இல்லாமல், ஓ.டி. பஸ் ஸ்டாண்டு வரை அண்ணி பின்னாலேயே நடந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வேகமாகவும் நடக்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"நீ எதுக்கு வர?"

அந்த டிக்கைப் பற்றிச் சொன்னேன். படிக்காமல் போட்டேன், செவ்வாய்க்கிழமையே படித்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்றேன். சொல்லும்போது அழுகை வந்தது, எரிச்சலாகவும் வந்தது.

"டிக்கு போனா போவுது," என்றாள் அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "நாப்பத்தாறு நோட்டு, யாரா இருந்தாலும் அப்படித்தான். காலையில நீ சும்மா நின்ன பாரு பவி. அதான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட் இரண்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். எங்கே இறங்குகிறோம் என்று அவரும் கேட்கவில்லை. வெயில் சாய்ந்திருந்தது. எஸ்டேட் ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் மண்ணூர்ப்பேட்டையில் முண்டியடித்து ஏறினார்கள். அதில் ஒருத்தி அண்ணியைப் பார்த்து, எப்போ சரசா வேலைக்கு வர என்று கேட்டாள். அண்ணி சிரித்து வைத்தாள்.

பாடி வந்தது. அண்ணியின் அம்மா வீட்டுக்கு இங்கேதான் இறங்க வேண்டும். பாதி பஸ் இறங்கியது. அண்ணி எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, பாடி."

"தெரியும்."

விசில் அடித்தார்கள். பஸ் நகர்ந்தது.

"அம்மா வீட்டுக்குப் போகலையா?"

"அம்மா ஊட்டுக்குப் போறேன்னு நான் எப்ப சொன்னேன்? உங்க அண்ணன் சொன்னாரு."

மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்தாள். நாலு நாளைக்குத் துணி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு புடவை, ஒரு துண்டு, நிஷாவின் கவுன் ஒன்று. அவற்றுக்கு மேலே பிளாஸ்டிக் கவரில் போட்ட அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும், யாரோ பேனாவில் எழுதிக் கொடுத்த ஒரு விலாசமும். அவள் பத்தாவது பாஸ் என்பதே எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக நான் வாங்கிய டிகிரியைப் பற்றி அவளிடம் பேசியிருக்கிறேன்.

விலாசத்தை ஒரு முறை படித்துவிட்டு, மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் மேம்பாலத்தில் ஏறியது.

அப்போதுதான் நான் கேட்டேன்.

"எங்க அண்ணி போற?"